நீர்மூழ்கிக்காரன் எழுதி வைத்த நேரம்

"மாமா, உங்கப்பா போன கப்பல்ல குண்டு பட்டது ராத்திரி பதினொன்னு அம்பதுக்கு."

சகாயராஜ் இதைச் சொன்னபோது நானும் என் வீட்டுக்காரி வள்ளியம்மையும் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். மார்கழி மாதம். வாசலில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலுக்குள்ளேயே நாங்கள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த கடலை உடையாமல் அப்படியே நின்றுவிட்டது. அதை அன்றைக்கு நான் உடைக்கவே இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அத்தனை வருஷமும் என் அப்பா எப்போது செத்தார் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. தைக்கும் மாசிக்கும் நடுவில் என்றுகூடச் சொன்னதில்லை. இவர் கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு மணி, நிமிஷம் சொல்கிறார்.

சகாயராஜ் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் எதிர்வீட்டு அருளப்பனின் மருமகன். அறந்தாங்கிக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாதம் கடலில், மூன்று மாதம் ஊரில். அருளப்பன் மகள் என்னைப் பெரியப்பா என்பாள். அதனால் அவருக்கு நான் மாமா, எனக்கு அவர் மாப்பிள்ளை. அவர்கள் மாதா கோயிலுக்குப் போவார்கள், நாங்கள் பிடாரி கோயிலுக்குப் போவோம். முறை மாறியதில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் வந்தவரிடம் ஏதோ பேச்சுவாக்கில் என் அப்பாவின் கப்பல் பெயரைச் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு நாலு நாள் போனில் துழாவியிருக்கிறார்.

"யாரு மாப்ள இதை எழுதி வச்சது? கம்பெனிக்காரனா?"

"இல்ல மாமா. குண்டு போட்டவன் எழுதி வச்சிருக்கான்."

சக்களத்தி பெயர்

என் அப்பாவை நான் பார்த்ததில்லை. பெரிய சண்டை நடந்த காலத்தில் அவர் கொழும்புக்குப் போனார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்புறம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் நீராவிக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை கிடைத்தது. அது கப்பலின் அடிவயிற்றில் இருக்கிற வேலை. மேலே கடலும் வானமும் இருப்பதே தெரியாதாம். நெருப்பு, கரி, மண்வெட்டி, அவ்வளவுதான்.

அவரிடமிருந்து அம்மாவுக்கு வந்தது ஒரே ஒரு கடிதம். கொழும்பில் யாரையோ வைத்து எழுதியது. "விடியக்காலம் நாலு மணிக்கு வேலைக்கு இறங்குகிறேன், எட்டு மணிக்கு ஏறுகிறேன், சூடுதான் தாங்க முடியவில்லை, தைப்பூசம் கழித்து இந்தக் கப்பல் கிளம்புகிறது, வயிற்றுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்." கப்பலின் பெயரும் அதில் இருந்தது. ஏதோ வெள்ளைக்காரச் சீமாட்டியின் பெயர். அம்மா அந்தப் பெயரை ஒரு சக்களத்தியின் பெயரைப் போலத்தான் சொல்வாள். "அவகூடத்தான போனாக. அவளைப் போய்க் கேளு" என்பாள்.

கப்பல் கிளம்பியது. திரும்பவில்லை. கம்பெனி ஒரு வரி எழுதிப் போடவில்லை.

ஒரு வருஷம் கழித்துக் கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர் வந்தாராம். அதே கப்பலில் வேலை பார்த்தவர். காய்ச்சல் வந்து கொழும்பிலேயே இறங்கிக்கொண்டவர். உன் புருஷன் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன், கப்பல் முங்கிவிட்டது என்று துறைமுகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், தாலியைக் கழற்றிவிடு தாயி என்று அழுதாராம்.

அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்ன பதிலை ஊரே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது. "நீங்க பாத்தது ஏறினதைத்தானே. முங்கினதை இல்லையே."

பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுக் காரியம் செய்துவிடலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பன்னிரண்டு வந்தது, போனது. அம்மா அசையவில்லை. தாலியும் குங்குமமுமாகவே இருந்து, தாலியும் குங்குமமுமாகவே போனாள். அவளைத் தூக்கும்போது பொம்பளைகளுக்குள்ளே ஒரே வாக்குவாதம். பூ வைக்கலாமா கூடாதா என்று. கடைசியில் கீரமங்கலம் சந்தையிலிருந்து ஒரு கூடை முல்லையே வாங்கி வந்து வைத்தோம்.

நாள் இல்லாதவர்

ஒரு மனிதன் செத்தால் அவனுக்கென்று ஒரு நாள் உண்டு. தமிழ் மாசம் எது, வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று பார்த்து, வருஷா வருஷம் அதே நாளில் பிள்ளை எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது. "நாளைக்கு எங்கப்பாவுக்கு நாள், வேலைக்கு வர மாட்டேன்" என்பார்கள். எனக்கு அதைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். இதைப் போய் ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்காதீர்கள். நான் பட்டேன்.

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை. ஆடி, புரட்டாசி, தை. ஓடிப்போனவன், காணாமல் போனவன், எங்கே செத்தான் என்று தெரியாதவன், பெயரே மறந்துபோன பாட்டன் எல்லோருக்கும் சேர்த்து ஊரோடு ஊராக மணமேல்குடிக் கடலில் போய் முங்கிவிட்டு வருவது. அந்தக் கூட்டத்தில் நின்று என் அப்பாவுக்கும் விட்டேன். அம்மா இருந்தவரைக்கும் அவளுக்குத் தெரியாமல் விட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் சாவதற்குள் அவருக்கென்று ஒரு நாள்.

கிணற்றுக்குள் கேட்கிற சத்தம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் சொன்னதைப் படித்தவர்களுக்கு என் தொழில் தெரியும், கிணற்றில் முங்குவது. எழுத்தே நான் பஸ் போர்டைப் பார்த்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். பள்ளிக்கூடம் பார்க்காதவனுக்குத் தண்ணீருக்குள் போகத் தெரிந்திருந்தது. பம்புசெட்டுக் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வு சேற்றில் மாட்டிக்கொண்டால், மோட்டார் கிணற்றுக்குள் விழுந்துவிட்டால், கீரமங்கலம், கொத்தமங்கலம், ஆலங்குடி வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் கயிறு, கையில் ஒரு கல். கல்லைப் பிடித்துக்கொண்டால் அது நம்மை அடிக்குக் கூட்டிப்போய்விடும்.

முப்பது அடித் தண்ணீரில் காதுக்குள் ஆணி அடித்த மாதிரி இருக்கும். நெஞ்சை யாரோ மேலே உட்கார்ந்து அமுக்குவார்கள். அண்ணாந்து பார்த்தால் கிணற்று வாய் ஒரு தட்டு அளவுக்குப் பச்சையாகத் தெரியும். அதற்கு மேல் இருப்பது எல்லாம் வேறு உலகம்.

இன்னொன்று. தண்ணீருக்குள் சத்தம் நன்றாகக் கேட்கும். இது முங்காதவர்களுக்குத் தெரியாது. அடுத்த தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிற ஆயில் இன்ஜின் இந்தக் கிணற்று அடியில் டப் டப் என்று நெஞ்சிலேயே கேட்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சகாயராஜ் அந்த நீர்மூழ்கியைப் பற்றி அன்றைக்கு வாசித்துச் சொன்னபோது எனக்கு உடம்பு முழுக்க அது புரிந்தது. கோபம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வாய் பிளந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனியின் வடக்கே ஓர் ஆற்றங்கரைப் பட்டறையில் அதைக் கட்டினார்களாம். இருநூறு அடிக்கு மேல் நீளம். இரும்பு உருளை. அதற்குப் பெயர் கிடையாது, பஸ்ஸுக்குப் போடுகிற மாதிரி ஒரு நம்பர்தான். உள்ளே ஐம்பது பேருக்கு மேல். மேலே மிதக்கும்போது டீசல் இன்ஜின், கீழே முங்கும்போது பேட்டரி. என் கிணற்றைப் போல இருபது கிணற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த ஆழத்துக்குப் போகுமாம். நான் முப்பது அடியில் பட்டது எனக்குத்தான் தெரியும்.

"அங்க எப்படி மாப்ள மூச்சு விட்டாங்க?"

"உள்ள இருக்கிற காத்துதான் மாமா. கெட்டுப்போகப் போக எல்லாரையும் படுத்துக்கச் சொல்லிடுவாங்க. படுத்துக்கிட்டா மூச்சு கம்மியா செலவாகும்."

நானும் அப்படித்தான் செய்வேன். இறங்குவதற்கு முன்னால் கிணற்று மேட்டில் கால் மணி நேரம் படுத்துக்கிடப்பேன். அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு படுக்கையில் இரண்டு பேர், ஒருவன் எழுந்தால் ஒருவன் படுக்கவேண்டும். ரொட்டி பூத்துப்போகும். குளிக்கத் தண்ணீர் கிடையாது. அப்படியே மாதக்கணக்கில். முதலில் குளிர் கடலில் பழகினார்கள். பிறகு பெரிய கடலில் இரண்டு தடவை வேட்டைக்குப் போனார்கள். முதல் தடவை ஒன்றும் சிக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு கப்பலை முக்கினார்கள், ஆகாய விமானத்திடம் அடி வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டித் துறைமுகம் வந்தார்கள். ரிப்பேர். தலைவனை மாற்றினார்கள். புதுத் தலைவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்றாம் தடவை ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு நம் கடலுக்கு வந்தார்கள். இங்கே மூன்று கப்பல். அப்பாவுடையது இரண்டாவது.

சகாயராஜ் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நீர்மூழ்கியின் குறிப்பு நோட்டை ஜெர்மன் பாஷையிலிருந்து யாரோ இங்கிலீஷில் எழுதியதை அவர் தமிழில் சொன்னார். முதல் குண்டு தவறியது. இரண்டாவது நடுவில் பட்டது. கடல் அமைதி. இருட்டு, நிலா இல்லை. கரும்புகை. ஏழு நிமிஷத்தில் முங்கியது. இரண்டு படகுகள் தெரிந்தன. நாங்கள் நிற்கவில்லை.

அப்புறம் கப்பல்காரர்கள் பக்கத்துப் பட்டியலையும் தேடி எடுத்தார். அதில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது. கரி அள்ளியவர்களுக்கு ஒரே வரி. இந்தியர்கள், முப்பது சொச்சம் பேர்.

சம்பளம் வாங்கின இடத்தில் என் அப்பா சொச்சத்தில் போய்விட்டார். கொன்றவன்தான் நிமிஷம் பார்த்து எழுதியிருக்கிறான்.

அன்று எனக்கு ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. நாலு மணிக்கு வேலைக்கு இறங்குகிற மனிதர் பதினொன்று ஐம்பதுக்குத் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். தூக்கத்திலேயே போய்விட்டார். வள்ளியம்மையிடம் அதைச் சொன்னேன். அவளும் அதுதான் நல்லது என்றாள்.

பினாங்குக் கடையில் பழம் தின்றவர்கள்

அந்த நீர்மூழ்கி அப்புறம் எங்கே போனது என்று கேட்டேன். பினாங்குக்கு என்றார். அது அப்போது ஜப்பான்காரன் கையில் இருந்ததாம். ஜெர்மன்காரனும் அங்கே வந்து தங்குவானாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், அந்தக் காலத்தில் பினாங்கில்தான் வாழைப்பழக் கடை வைத்திருந்தார்.

சண்டை முடிந்து ஊருக்கு வந்தவர், சாகிற வரைக்கும் ஒரு கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். ஒருநாள் ஏழெட்டு வெள்ளைக்காரன்கள் கடைக்கு வந்தார்களாம். தாடியும் மீசையுமாக. உடம்பு மட்டும் பானைக்குள் முளைவிட்ட பயறு மாதிரி வெளுத்துப் போய். கடைக்கு முன்னால் நின்ற மரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அப்புறம் ஒரு தாரையே நின்ற நிலையில் தின்றார்களாம். அதில் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலை மண்ணில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டானாம். "மண்ணை மிதிக்கிறதுக்கு ஒருத்தன் அழுவானாடா? அவன் அழுதான்" என்பார் பெரியப்பா. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவர்கள்தானா இவர்கள் என்று எனக்குத் தெரியாது. பினாங்குக்குப் பல நீர்மூழ்கிகள் வந்து போனதாகச் சகாயராஜ் சொன்னார். இருந்தாலும் தம்பியின் கப்பலை மூழ்கடித்தவர்கள் அண்ணன் கடையில் பழம் தின்றிருக்கலாம் என்கிற நினைப்பு வந்ததிலிருந்து என்னால் அந்தக் கதைக்குச் சிரிக்க முடியவில்லை. கோபப்படவும் முடியவில்லை. உலகம் இத்தனை பெரிசு, இத்தனை சிறிசு என்று மலைப்பாகத்தான் இருந்தது.

"அப்பறம் அவங்க ஊரு போய்ச் சேந்தாங்களா மாப்ள?"

"இல்ல மாமா. ரப்பரும் தகரமும் ஏத்திக்கிட்டுப் பினாங்குலேருந்து கிளம்பினாங்க. ஒரே ஒரு தடவை கம்பியில்லாத் தந்தியில பேசினாங்க. அதோட சரி. குறிப்பு நோட்டோட நகலை முன்னாடியே வேற கப்பல்ல அனுப்பிட்டதாலதான் நமக்கு இவ்வளவு தெரியுது."

கடைசி வரியையும் வாசித்தார். காணாமல் போனது. இடம் தெரியாது. காரணம் தெரியாது. நாள் தெரியாது.

காக்காய் வந்து ஒப்புக்கொண்டது

தேதியும் நேரமும் எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு மணமேல்குடியில் வைத்தி சாமியிடம் போனேன். கடற்கரையில் எனக்கு அமாவாசைக்கு அமாவாசை எள்ளு எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். நூறு வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்று வைத்திருக்கிறார், செங்கல் கனத்துக்கு. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார்.

மாசி மாசம், தேய்பிறைச் சதுர்த்தசி என்றார். ஆயுதத்தால் செத்தவர்களுக்குச் சதுர்த்தசி என்றே ஒரு கணக்கு இருக்கிறது, உங்கப்பாவுக்குப் பொருத்தமாகத்தான் வந்திருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

மாசிச் சதுர்த்தசியன்று வேன் பிடித்துக்கொண்டு போனோம். மகன், மருமகள், மச்சினன் வீடு, அருளப்பன்கூட வந்தார். மூன்று உருண்டை பிடித்து வைத்தேன். முதல்முதலாக அப்பா பெயரைச் சத்தமாகச் சொன்னேன். இதுவரை கூட்டத்தில் முணுமுணுத்தது. வீட்டுக்கு வந்து படையல் போட்டு, மாடியில் சோறு வைத்தவுடன் காக்காய் மூன்று வந்தது. மச்சினன் சொன்னான், மாமா, நாள் சரியான நாள்தான், பாத்தீங்களா எப்படித் திங்குதுன்னு.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். பாயில் சாய்ந்தேன். எண்பது வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி ஒரு தூக்கம் கண்ணைச் சுற்றியது.

நாலரை மணி நேரம்

போன் அடித்தது. சகாயராஜ். லீவு முடிந்து போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் கப்பல் அன்றைக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுகத்தில் நின்றது.

"திதி நல்லபடியா முடிஞ்சுதா மாமா?"

"முடிஞ்சுது மாப்ள. ஒங்க புண்ணியம். இப்பத்தான் செத்த சாஞ்சேன்."

"அங்க மணி என்ன இப்ப?"

"அஞ்சரை இருக்கும்."

"எனக்கு இங்க ஒண்ணு. இப்பத்தான் சாப்பாட்டுக்கு உக்காந்தேன்."

தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் போனில் கேட்டது.

"மாமா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

கப்பல்காரனாக இருந்துகொண்டு அதை யோசிக்காமல் விட்டேனே என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். நீர்மூழ்கிக்காரர்கள் எந்தக் கடலுக்குப் போனாலும் குறிப்பு எழுதும்போது தங்கள் ஊர்க் கடிகாரப்படிதான் எழுதுவார்களாம். ஆப்பிரிக்காவைச் சுற்றி இங்கே வந்தபோதும், வெளியே சூரியன் எங்கே இருந்தாலும், உள்ளே ஜெர்மனியின் மணிதான் ஓடியிருக்கிறது.

"அவனுக்குத்தான் மாமா ராத்திரி பதினொன்னு அம்பது. நம்ம ஊருக்கு நாலரை மணி நேரம் கூட்டணும். விடியக்காலம் நாலு இருபது."

நாலு இருபது.

எனக்குத் திதி ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்கு வந்த கடிதம்தான் ஞாபகம் வந்தது. விடியக்காலம் நாலு மணிக்கு வேலைக்கு இறங்குகிறேன். அப்படியானால் அவர் தூங்கவில்லை. இருபது நிமிஷம் கரி அள்ளியிருக்கிறார். அப்போதுதான் வியர்க்க ஆரம்பித்திருக்கும். தண்ணீர் அவரிடம் வந்தபோது அவர் நெருப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கிணற்றுக்குள் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் உண்டு. இரண்டு தடவை இழுத்தால் தூக்கிவிடுவான். என் அப்பாவுக்கு அந்த ஆழத்தில் கயிறு பிடிக்க யாருமில்லை.

அதே நேரத்தில் அம்மா என்ன செய்துகொண்டிருந்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் வயிற்றில் இருந்தேன். அவளுக்குக் கனவு வந்தது, விளக்கு அணைந்தது என்றெல்லாம் கதை சொல்ல ஆசைதான். அவள் அப்படி எதுவும் சொன்னதே இல்லை. சாணி தெளிக்க எழுந்திருப்பாள். அவ்வளவுதான்.

வைத்தி சாமிக்குப் போன் போட்டேன். பஞ்சாங்கத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கே சதுர்த்தசி முடிந்துவிட்டது, நாலு இருபதுக்கு அமாவாசை வந்துவிட்டது என்றார்.

மாசி அமாவாசை. நான் சதுர்த்தசிக்கு எள்ளு விட்டு வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறேன். அமாவாசை நாளைக்கு.

இத்தனை வருஷமாக அமாவாசைக் கூட்டத்தில் விட்டதையெல்லாம் போதாது என்று நினைத்து, அவருக்கென்று ஒரு நாள் கேட்டேன். அவருடைய நாளே அமாவாசைதான். மாசம்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

மகனிடம் நாளைக்கு மறுபடி போகணும் என்றேன். ஒரே ஆளுக்கு ரெண்டு நாள் திதி கொடுத்தால் ஊர் சிரிக்கும், அடுத்த வருஷம் சரியாகச் செய்துகொள்ளலாம் என்றான். அடுத்த வருஷத்துக்கு நான் இருப்பேன் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்.

வள்ளியம்மை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் என்னைக் குத்திக்காட்டாத நாள் கிடையாது. "உங்கப்பாரு உசுரோட இருந்தப்பகூட அடுத்தடுத்து ரெண்டு நாளு வீட்ல தங்கினதில்லைன்னு எங்க மாமியா சொல்லுவாக. இப்பவாவது தங்கட்டும். மொதப் பஸ்ஸுக்குப் போவோம், பேசாமப் படுங்க" என்றாள்.

மூன்று உருண்டை

கீரமங்கலத்தில் பூக்கூடைகள் ஏறுகிற முதல் பஸ். அறந்தாங்கியில் இறங்கி இன்னொரு பஸ். வழியெல்லாம் வள்ளியம்மை என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள். மணமேல்குடியில் இறங்கும்போது கடலுக்கு மேல் வெளுத்துக்கொண்டிருந்தது.

மாசி அமாவாசைக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. வைத்தி சாமி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்றைக்கும் எழுந்து நிற்கிறவர் அல்ல. நேரம் எந்த ஊர் நேரம் என்று கேட்காமல் விட்டது என் தவறு என்றார். நானும் கேட்கவில்லையே சாமி என்றேன்.

கடலில் முங்கினேன். பழக்கம் விடவில்லை, கொஞ்சம் கூடுதலாகவே அடியில் இருந்துவிட்டேன். எங்கேயோ தூரத்தில் ஒரு விசைப்படகின் இன்ஜின் டப் டப் என்று நெஞ்சில் கேட்டது. எழுந்து வந்து உட்கார்ந்து மூன்று உருண்டை பிடித்தேன். அப்பா பெயரைச் சொன்னேன். நேற்றுச் சத்தமாகச் சொல்ல முடிந்தது. இன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னேன். வைத்தி சாமி எனக்காக இன்னொரு தடவை சொன்னார்.

எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சாமி, நேத்துக் குடுத்தது என்னாகும்? எங்கப்பாவுக்கு நேத்து நாளு இல்லையே. அவரு வந்திருக்க மாட்டாரே."

அவர் கையில் ஒட்டியிருந்த எள்ளைத் தட்டிவிட்டார்.

"கூப்பிட்டு வச்சது வீணாப் போகாது. தனக்குன்னு ஒரு நாளு இல்லாதவங்க நெறையப் பேரு இருக்காங்க. நேத்து யாரு வந்து வாங்கிக்கிட்டாங்களோ."

எனக்குச் சகாயராஜ் வாசித்த கடைசி வரி ஞாபகம் வந்தது. இடம் தெரியாது. காரணம் தெரியாது. நாள் தெரியாது. அடுத்தவன் அப்பனுக்கு நிமிஷம் எழுதி வைத்தவர்களுக்குத் தங்கள் நாளை எழுதி வைக்க ஆள் இல்லை. காற்று கெட்டுப்போய், எல்லோரையும் படுத்துக்கச் சொல்லி, அப்படியே படுத்திருப்பார்கள். அவர்களுக்கும் எங்கேயோ ஓர் ஊரில் அம்மாக்கள் இருந்திருப்பார்கள். ஏறினதைத்தானே பார்த்தீங்க என்று கேட்டிருப்பார்கள்.

கழற்றி வைத்திருந்த சட்டையின் பையில் கைவிட்டேன். மார்கழியில் போட்ட விதைக்கடலை அங்கேயே இருந்தது. எந்தச் சட்டையைப் போட்டாலும் அதை எடுத்து மாற்றிப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"மாவு இன்னும் இருக்கா சாமி?"

"எதுக்கு? முடிஞ்சுதே."

"நேத்து வந்தவங்க அம்பது பேருக்கு மேல. உருண்டை மூணுதான் வச்சோம்."

வைத்தி சாமி தர்ப்பையை மறுபடி விரித்தார். வள்ளியம்மை கூடைக்குள்ளிருந்து தூக்குச்சட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே முக்கால்வாசி பச்சரிசி மாவு. எதற்கு இவ்வளவு கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை. கடல் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுப் பிசைந்தாள்.

"சின்னதா உருட்டுங்க" என்றாள். "அப்பத்தான் எல்லாருக்கும் வரும்."